வத்தலுக்குள்ள ஒரு வரலாறு

சிவகாசியை ஒட்டின விஸ்வநத்தத்துல ஒரு வீட்டு வாசலை நினைச்சுக்கோங்க. ஓட்டை வாளியில மண்ணு, நடுவுல ஒரு மிளகாய்ச்செடி. விதை எங்க வாங்கினீங்கன்னு கேட்டா, "மளிகைக்கடை வத்தலைத்தான் உதறிப் போட்டேன்"னு பதில் வரும். ரீல்ஸ் பார்த்துக் கத்துக்கிட்ட வித்தைன்னு நினைக்காதீங்க, இது ரொம்பப் பழசு.

500 வருஷத்துக்கு முன்னாடி நம்ம சமையல்ல மிளகாயே கிடையாது. காரம்னா மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் வழியாக இங்கே வந்தது. மிளகு போலக் காரம் தர்ற காய், அதனால மிளகாய். பேர்லயே வரலாறு இருக்கு.

ஏன் இவ்வளவு வேகமாப் பரவுச்சு? மிளகுக்கொடிக்கு மலையும் மழையும் வேணும். மிளகாய் கரிசல் காட்டுலயும் வரும், வாசல் தொட்டியிலயும் வரும். அதைவிட முக்கியம், வெயில்ல காய்ஞ்ச வத்தலுக்குள்ள விதை உயிரோட இருக்கும். சந்தையில வாங்கின சரக்கே அடுத்த வருஷத்து விதை. மிளகு வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் காரம் சொந்தமாச்சு.

விஸ்வநத்தத்துக்குப் பக்கத்துல இருக்குற விருதுநகர், 1923 வரைக்கும் விருதுபட்டி. வத்தல், மல்லி, பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். பக்கத்து ராமநாதபுரத்துக் குண்டு வத்தல், அதாவது முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. நல்ல பழமாப் பார்த்து விதைக்கு எடுத்துவெச்ச விவசாயிகளாலதான் அந்த ரகம் நிலைச்சது.

இந்தச் சங்கிலி இப்போ ரெண்டு இடத்துல அறுபடுது. ஒண்ணு, வீரிய ஒட்டு ரகம்: அதோட விதை முளைக்கும், ஆனா தாய்ச்செடி மாதிரியே காய்க்கும்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, மிளகாய்த்தூள் பாக்கெட். அதுல காரம் இருக்கு, விதை இல்லை.

அதனால இந்த ஐப்பசி மழைக்கு முன்னாடி அஞ்சறைப்பெட்டியைத் திறங்க. குண்டு வத்தலை உதறி விதையை ஊன்றுங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல முளைச்சிடும். மல்லியை லேசா உருட்டி ரெண்டாப் பிளந்து போடுங்க, ஒவ்வொரு மல்லிக்குள்ளயும் ரெண்டு விதை. வெந்தயம் சில நாள்லயே எட்டிப்பார்க்கும். உடைச்ச உளுந்தை மட்டும் போட்டுட்டுக் காத்திருக்காதீங்க!

செடி காய்ச்சதும், நல்லாப் பழுத்த முதல் பழத்தைச் சாப்பிடாதீங்க. காயவெச்சு எடுத்து வைங்க. அறுந்த சங்கிலியில ஒரு கண்ணி உங்க வீட்டுல ஒட்டிக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.