தேயாத தட்டும் தேயும் பொறியும்

இசைத்தட்டின் வரலாறு ஒருவகையில் தேய்மானத்தின் வரலாறே ஆகும். அரக்குத் தட்டின்மேல் எஃகு ஊசி உரசிய நாளில், ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்றுதல் முறையாக இருந்தது. நிமிடத்திற்கு 78 சுற்றாகச் சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். ஊசிமுனை தேய்ந்து வரிப்பள்ளத்திற்குப் பொருந்த வேண்டும் என்றே அரக்கோடு கற்பொடியும் கலந்தனர். தேய்வு ஆண்டுக் குற்றமன்று. அமைப்பின் ஒரு கூறு. 1908-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் தட்டு ஆலை தோன்றிய பின்னரும் இந்நிலையே நீடித்தது.

1982 அக்டோபர் முதல் நாள் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸும் சோனியும் கூடி வகுத்த 12 செ.மீ. குறுந்தகட்டை ஊசி தொடுவதில்லை; கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேசர் ஒளியே படிக்கிறது. ஒளி எதனையும் அரைப்பதில்லை ஆதலின், இது என்றும் கெடாது எனப் பலர் நம்பினர்; யானும் நம்பினேன். ஆனால் தேய்வு ஒழிந்துவிடவில்லை. தட்டை விட்டுப் பொறிக்குள் புகுந்துகொண்டது.

எங்ஙனம் எனின், தட்டு வைக்கும் இழுப்பறையைப் பல பொறிகளில் ஒரு சிறு மோட்டார் மெல்லிய ரப்பர் வாரால் இழுக்கிறது. ஆண்டுகள் செல்ல வார் தளரும். இழுப்பறை பாதியில் நிற்கும். லேசர்க் கண்ணை நகர்த்தும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களில் பல் தேயும், வெடிப்பும் காணும். அது ஊரும் கம்பியில் இட்ட கிரீஸ் இறுகிப் பிசினாகும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட வரிகளைத் தொடர வேண்டிய கண்ணுக்கு இச்சிறு தடையே பெருந்தடை.

ஈண்டு ஆசிரியர்கள் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. குறுந்தகடு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. தொடக்கத்தில் நிமிடத்திற்குச் சுமார் 500 சுற்று. விளிம்பில் சுமார் 200. ஆகவே முதற் பாடல்களில் தடுமாறிப் பின்னர்த் தெளியுமாயின் சுழற்றும் மோட்டார் தளர்ந்தது என ஐயுறலாம். முதலில் தெளிவாய்ப் பாடிக் கடைசிப் பாடல்களில் சிக்குமாயின், கண் ஊரும் கம்பியையும் பற்சக்கரத்தையும் நோக்குக. தகட்டில் கீறல் இல்லை என்பதை முன்னரே பார்த்துக்கொள்ளல் நன்று.

செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ஆங்கிலேயர் காலத்தில் ரயில்வேத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த இடம். அங்கும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், கேசட்டும் அதன் பின் குறுந்தகடும் விற்ற தமிழ்க் கடைகள் இருந்தன. கேசட் பொறியில் வார் மாற்றிப் பழகிய கைகளுக்குக் குறுந்தகட்டுப் பொறி முற்றும் புதியதன்று.

எம் பள்ளியில் பழைய மாணவர் திருக்குறள் ஓதிப் பதித்த தகடுகள் உள. அவருள் இருவர் இன்று உயிரோடில்லை. பொறியின் இழுப்பறை திறவாதபோது, ஒரு கடைக்காரர் எறிந்துவிடுமாறு சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதியவரோ மேல்மூடியைக் கழற்றி, பழைய வாரின் சுற்றளவை நூலால் அளந்து, அதனினும் சற்றுச் சிறியதொன்றைப் பூட்டினார். கப்பியின் பளபளப்பை ஸ்பிரிட்டால் துடைத்தார். கூலியும் வாரும் சேர்த்துப் பதினைந்து வெள்ளி. இழுப்பறை வெளியே வந்தபோது, அதில் அப்பிள்ளைகளின் தகடு அப்படியே இருந்தது.