அமைப்புக் கோப்புகளில் மரபுரிமை: ஒரு வரலாற்று நோக்கு

கணினி நிரலொன்று எவ்வாறு தொழிற்படவேண்டும் என்பதை நிரலினுள்ளே எழுதாது, தனியான அமைப்புக் கோப்புகளில் எழுதிவைப்பது நீண்டகால வழக்கம். ஒருமுறை எழுதிய தெரிவைப் பலவிடங்களிற் பயன்படுத்தும் தேவையே மரபுரிமை என்னும் கருத்தை இக்கோப்புகளுட் புகுத்தியது. இது பெரும்பாலும் தொழினுட்பச் சிக்கனமாகவே நோக்கப்படுகின்றது. ஆயின், மேலிருந்து வருவதைப் பெறுபவர் எவ்வளவுக்கு மாற்றலாம் என்னும் அதிகாரப் பிரச்சினையும் இதனுள் அடங்கியுள்ளது.

1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இம்மரபுரிமையின் எளிய வடிவத்தைக் காணலாம். இயங்கும் நிரலொன்று, தான் தோற்றுவிக்கும் நிரலுக்குத் தன் சூழலமைப்பின் பிரதியொன்றை வழங்கும். பெற்ற நிரல் அதனை மாற்றலாம்; அம்மாற்றம் தந்த நிரலைப் பாதிக்காது. 1987இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் வெளியிட்ட எக்ஸ் சாளர முறைமையின் பதினோராம் பதிப்பு மற்றொரு படிநிலையைக் குறிக்கின்றது. நிரலாக்கியவர் இயல்பமைப்புக் கோப்பொன்றை வழங்குவார். பயனர் தமது கோப்பில் வேண்டியவற்றை மட்டும் மாற்றியெழுதுவார். முரண்பாடு நேரின் பயனர் சொல்லே வென்றது.

உலகளாவிய வலையில் இவ்வுறவு சிக்கலடைந்தது. 1994 ஒக்டோபரில், ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்த ஹோக்கன் வியூம் லீ பாணித்தாள் முறையொன்றை முன்மொழிந்தார். பக்கத்தை ஆக்கியோனும் வாசகரும் எழுத்தளவு, நிறம் முதலியவற்றில் தத்தம் செல்வாக்கை நூற்றுவீதத்தாற் குறிக்கலாம் என்பது அதிலிருந்த கருத்து. 1996 டிசெம்பரில் நியமமாகிய சி.எஸ்.எஸ். முதற்படிநிலை இப்பங்கீட்டைக் கைவிட்டது. இரு சாராரும் ஒரே விதியை 'முக்கியம்' எனக் குறித்தால் ஆக்கியோனின் விதியே மேலோங்கியது. 1998 மே மாதத்தில் வந்த இரண்டாம் படிநிலை இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, வாசகர் 'முக்கியம்' எனக் குறித்ததற்கே இறுதி இடம் அளித்தது. பெரிய எழுத்தோ தெளிவான நிறவேறுபாடோ இன்றி வாசிக்க இயலாதோரின் தேவையே இதற்குக் காரணமாயிற்று.

எனினும், விதியில் உரிமை இருப்பது வேறு. அதனைப் பிரயோகிக்கும் சாதனம் இருப்பது வேறு. 2014இல் குரோம் உலாவி, வாசகர் தமது பாணிக் கோப்பை நேரடியாக இடும் வசதியை நீக்கியது. நியமத்தில் உரிமை அப்படியே எஞ்சியிருக்க, அவ்வுலாவியில் அதனைப் பயன்படுத்த வேறு துணைநிரலை நாடவேண்டியதாயிற்று.

எனவே, அமைப்புக் கோப்பொன்றின் மரபுரிமையை ஆராய்வோர் எது எதிலிருந்து பெறப்படுகின்றது என்பதோடு நின்றுவிடலாகாது. இறுதிச் சொல் யாருடையது, அதனைச் சொல்லும் வாயில் அவருக்குத் திறந்துள்ளதா என்பனவும் வரலாற்று வினாக்களே.