கண்ணுக்குத் தெரியாத குழந்தைக்கு ரத்தம் ஏத்தின கதை

போன வாரம் அத்தைப் பொண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். ஏழு மாசம். ஃபைல்ல கொட்டை எழுத்துல 'ஓ நெகட்டிவ்'னு எழுதி, ஆன்டி-டி ஊசி போட்டு அனுப்பியிருந்தாங்க. "ஒரே ஒரு ஊசிடா, இதுக்குப் போய் அம்மா சாமிக்கெல்லாம் வேண்டிக்கிறாங்க"னு சிரிச்சா. அத்தை பயந்ததுல தப்பில்லைன்னு அப்புறம் தேடிப் படிச்சப்போதான் புரிஞ்சது.

அம்மா ஆர்ஹெச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ்னு வெச்சுக்குங்க. பிரசவத்துல குழந்தையோட ரத்தம் கொஞ்சம் அம்மா உடம்புல கலக்கும். அம்மா உடம்பு அதை எதிரியா நினைச்சு எதிர்ப்பொருளைத் தயார் பண்ணிடும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிச்சுடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தைக்குத்தான் வினை. எதிர்ப்பொருள் நஞ்சு வழியா உள்ளே போய் சிவப்பணுக்களை உடைக்கும். சோகை முத்தி, உடம்பெல்லாம் நீர் கோத்து, வயித்துலயே உயிர் போயிடும்.

பிறந்ததும் ரத்தத்தையே மாத்துற சிகிச்சை 1940-களிலேயே வந்தாச்சு. ஆனா பிறக்கிற வரைக்கும் தாங்காத குழந்தையை என்ன பண்றது?

இங்கதான் நம்ம ஹீரோ வர்றார். வில்லியம் லைலி, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர டாக்டர். சிவப்பணு உடைஞ்சா பனிக்குடத் தண்ணி மஞ்சளாகும். அந்தத் தண்ணியை ஊசியில எடுத்து, மஞ்சளை அளந்து, நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு சொல்ற வரைபடத்தை 1961-ல வெளியிட்டார். எந்தக் குழந்தை பிழைக்காதுன்னு இப்போ முன்கூட்டியே தெரியும். தெரிஞ்சும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அது இன்னும் கொடுமை இல்லையா?

தண்ணி எடுக்கிறப்போ சில சமயம் ஊசி தவறி குழந்தையோட வயித்துக்குள்ளயே போயிருக்கு. 'அப்போ அதே வழியில ரத்தம் விட்டா என்ன?'ன்னு யோசிச்சார் மனுஷன். வயித்தறையில விட்ட சிவப்பணுக்களை உடம்பு தானா உறிஞ்சிக்கும்.

சரி, குறி பார்க்கிறது எப்படி? ஊசிக்கு வழிகாட்டுற ஸ்கேன் அன்னிக்கு இல்லை. எக்ஸ்ரேயில தெரியுற மருந்தைப் பனிக்குடத்துல விட்டார். குழந்தை தண்ணியோட அதையும் முழுங்கும். குடல் எக்ஸ்ரேயில பளிச்னு தெரியும். ஆக, 'இங்கே குத்துங்க டாக்டர்'னு குழந்தையே வழி காட்டிடுச்சு!

முதல் மூணு குழந்தைகள் பிழைக்கலை. 1963 செப்டம்பர் 20-ல நாலாவது முயற்சி. அந்தக் குழந்தை பிழைச்சது. பிறக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் ஏத்திக்கிட்டு உயிரோட பிறந்த முதல் குழந்தை அதுதான்.

எனக்கு லைலியை விட அந்த நாலாவது அம்மாவைத்தான் கும்பிடத் தோணுது. மூணு தோல்விக்கு அப்புறமும் வயித்தைக் காட்ட எவ்வளவு தைரியம் வேணும்!

1980-களில் ஸ்கேன் பார்த்துக்கிட்டே தொப்புள்கொடியில ரத்தம் ஏத்த ஆரம்பிச்சாங்க. இப்போ குழந்தையோட மூளை ரத்தக்குழாயில ரத்தம் ஓடுற வேகத்தை டாப்ளர் ஸ்கேன்ல பார்த்தே சோகையைக் கண்டுபிடிச்சுடறாங்க. எதிர்ப்பொருள் உருவாகாமத் தடுக்கிற ஆன்டி-டி ஊசி 1968-ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்தது.

ஒரு விஷயம் மக்களே. எதிர்ப்பொருள் உருவான பிறகு இந்த ஊசி பலிக்காது. பிறந்த குழந்தை பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள மறுபடியும் போடணும். கரு கலைஞ்சாலும் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. உங்க வீட்டுல நெகட்டிவ் பொண்ணு இருந்தா இன்னிக்கே சொல்லி வைங்க.

அத்தைப் பொண்ணுக்கு இந்தக் கதையைப் போன்ல சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கலை. "அந்த மூணு குழந்தையும் பாவம்டா"ன்னா.