நனைந்த சாவியும் மாதிரிக் கையெழுத்தும்

மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் குடை, லோக்கல் ரயில் தாமதம், பாதாளக் குழி இவற்றோடு இன்னொரு பேச்சும் காதில் விழும். "சாவி நனைஞ்சு போச்சு சார், வண்டி ஸ்டார்ட் ஆகலை." இரும்புச் சாவி நனைந்தால் என்னய்யா ஆகும், துடைத்துவிட்டுத் திருப்ப வேண்டியதுதானே என்று ஊரில் இருக்கும் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் தெரிய ஒரு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். வாங்க, போய்ட்டு வந்துடுவோம்.

ஆரம்பகாலக் கார்களைக் கிளப்பச் சாவி தேவைப்படவில்லை. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போச்சு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் சாவி வெறும் சுவிட்ச்தான். எஞ்சினைச் சுழற்ற தனியாக ஒரு பொத்தானோ மிதிகட்டையோ இருக்கும். சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை கிறைஸ்லர் நிறுவனம் 1949-ல் கொண்டுவந்தது.

வசதி வந்தது, பாதுகாப்பு வரவில்லை. சாவி செய்தது இரண்டு ஒயர்களைச் சேர்த்து வைக்கும் வேலை மட்டும்தான். அதைத் திருடனும் செய்வான். ஸ்டியரிங்கைப் பூட்டிப் பார்த்தார்கள், அதையும் உடைத்தார்கள். 1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவியில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தது. மொத்தம் 15 அளவுகள். அளவு பொருந்தாவிட்டால் வண்டி கிளம்பாது. பல் வெட்டு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பது அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த திருப்பம் ஐரோப்பாவில். பெர்லின் சுவர் விழுந்து எல்லைகள் திறந்த பிறகு ஜெர்மனியில் கார் திருட்டு ஏறிக்கொண்டே போனது. இழப்பீடு கொடுத்து அலுத்த காப்பீட்டு நிறுவனங்கள், திருட முடியாத கார் செய்யுங்கள் என்று நெருக்கின. 1995-ல் ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவு போட்டது. 1998 அக்டோபர் முதல் அங்கே புதுக் கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007 செப்டம்பர். 2000-களில் நம் நாட்டுக் கார்களிலும் இது பரவியது.

இது எப்படி வேலை செய்கிறது? எங்கள் வங்கித் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். செக் வந்தால் கவுண்டரில் இருப்பவர் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார். காரிலும் அப்படித்தான். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியின் தலையில் அரிசி மணி அளவில் ஒரு சில்லு. சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே சில்லு மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் பொருந்தினால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் தீப்பொறியையும் விடும். முதலில் வந்த சில்லுகள் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லின, கையெழுத்து மாதிரி. காப்பி அடித்துவிடலாம். பின்னால் வந்தவை ஒவ்வொரு முறையும் புதுக் கேள்விக்குப் புதுப் பதில், நம்ம ஓ.டி.பி. மாதிரி. அதையும் 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வகைச் சில்லில் உடைத்துக் காட்டினார்கள் என்பது தனிக்கதை.

சரி, இதனால் பலன் உண்டா? அமெரிக்காவில் இது கட்டாயம் இல்லை. அங்கே விற்ற பல ஹூண்டாய், கியா கார்களில் இம்மொபிலைசர் வைக்கவில்லை. 2021, 2022-ல் அவற்றைக் கிளப்பும் வித்தை வீடியோவாகப் பரவி, பள்ளிக்கூடப் பையன்கள்கூட ஓட்டிக்கொண்டு போனார்கள். பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒருவர் போன மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். கால்சட்டைப் பையில் சாவி. மறுநாள் எஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் சிமிட்டியது. சாவியின் பேட்டரியை மாற்றினார், பலனில்லை. ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் பத்து நிமிஷத்தில் அச்சு அசலாக ஒரு சாவி வெட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "தர்வாஸா குலேகா சாப், காடி நஹி சலேகி" என்றும் சொன்னார். கதவு திறந்தது, வண்டி நகரவில்லை. மாற்றுச் சாவி எங்கே? கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெட்டகத்தில், வேறு ஊரில். கடன் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் திரும்பி வரவில்லை. அவர் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சாவி வந்து சேர ஒன்பது நாள். ஒன்பது நாளும் மழையில் டாக்சி தேடி ஓடினார்.

நகரில் ஓடிய பத்மினி டாக்சிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன. அவற்றின் சாவியை ஒரு பிளாட்பாரக் கடைக்காரர் காப்பாற்றுவார். இன்றைய சாவியைக் காப்பாற்ற கம்பெனியின் கருவியும் ரகசிய எண்ணும் வேண்டும். திருடனைத் தடுத்த அதே பூட்டு, நனைந்த அன்று சொந்தக்காரரையும் யாரென்று கேட்கிறது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். சாவி நனைந்தால் பொத்தான்களை அமுக்கிப் பார்க்காதீர்கள். திறந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர் என்றால் சுத்தமான தண்ணீரில் அலசி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒருநாள் காற்றில் காயவிடுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். கதவு திறக்கும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி தேவை, சில்லுக்குத் தேவையில்லை. அதனால் ரிமோட் செத்தாலும் பல வண்டிகள் கிளம்பும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் சாவியைப் பட்டனை ஒட்டிப் பிடித்தாலே போதும்.

வண்டியே தண்ணீரில் நின்றிருந்தால் மட்டும் நல்ல சாவியானாலும் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் எஞ்சின் உடைந்துவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் மூழ்கிய வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கிளப்பிப் பார்த்து உடைத்த எஞ்சினுக்கு, தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காத சாதாரணப் பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. வண்டிக் கடன் முடிந்தவர்கள் தடையில்லாச் சான்றிதழ் வாங்கினதோடு வந்துவிடுகிறார்கள். மாற்றுச் சாவி கொடுத்திருந்தால் அதையும் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்குங்கள். வண்டி திருடுபோனால் காப்பீட்டுக்காரர்களும் இரண்டு சாவியையும் கேட்பார்கள். உங்கள் இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.