கரையோர வேலி

கண்டல் மரம் தமிழருக்குப் புதியதன்று. சங்கச் செய்யுட்களிலே நெய்தல் நிலத்துக் குடியிருப்புக்குக் கண்டலே வேலியாகப் பேசப்படுகின்றது. அவ்வேலியைப் பிரித்தால் விளைவது யாது என்பதற்கு இலங்கையின் வடமேற்குக் கரையின் அண்மைக்கால வரலாறு சான்றாக உள்ளது.

சிலாபம் முதற் புத்தளம் வரையுள்ள களப்புக்களின் ஓரங்களிலே கண்டற் காடுகள் அடர்ந்திருந்தன. அவற்றின் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் நண்டும் வளர்ந்தன. அவற்றை நம்பி மீனவர் வாழ்ந்தனர். 1980களில் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு இப்பகுதியிற் பெருகியது. காடுகள் பல வெட்டப்பட்டு இறாற் பண்ணைகளாயின.

இலாபம் வந்தது, ஆயினும் நிலைக்கவில்லை. கண்டற் சேற்றிலே இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது உண்டு. நீர் மூடியிருக்கும் வரை அதனால் தீங்கில்லை. தோண்டிக் காற்றுப் படச் செய்தாலோ, அமிலம் தோன்றி நீரைக் கெடுக்கும். மேலும், பண்ணைகள் பல ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரைப் பெற்றன. கழிவுநீரையும் அதிலேயே விட்டன. ஆகவே, ஒருவர் பண்ணையிற் பிறந்த நோய் அயலவர் பண்ணையையும் அடைந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பேரிழப்பு நேர்ந்தது. காலப்போக்கிற் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. அவ்விடங்களில் இறாலும் இல்லை, காடும் இல்லை.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையையும் தெற்குக் கரையையும் அழித்த பின்னரே, வேலியின் அருமை நாட்டுக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. பல இடங்களிற் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆயினும், நடப்பட்ட 1,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் ஏறத்தாழ 200 ஹெக்டேயரே தழைத்ததென 2017இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. வற்றுப்பெருக்கின் அளவை நோக்காமலும், இடத்துக்கேற்ற இனத்தைத் தேராமலும், நட்டபின் பேணாமலும் விட்டமையே தோல்விக்குக் காரணமாயிற்று.

கண்டல் தானே இடம் தேர்ந்து வளரும் மரம். தாய்மரத்திலே தொங்கும்போதே முளைத்துவிடும் அதன் கன்று, நீரில் மிதந்து, தகுந்த சேற்றிலே ஊன்றிக்கொள்ளும். அத்தகுதியை அறிந்து நடுதல் எளிதன்று.

எஞ்சியுள்ள கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் 2015இல் இலங்கையிலே தொடங்கப்பட்டது. காலத்துக்கு ஏற்ற செயலே அது. இழந்ததை மீட்க நடுதல் வேண்டும். ஆனால், நாளை நட்டுக்கொள்ளலாம் என்னும் துணிவில் இன்று வெட்டுதல் கூடாது. நின்ற காட்டைக் காப்பதே முதற்கடன்.