நாட்டுப்பற்று ஒட்டுத்துணிச் சித்திரம்

வெட்டிய துணித்துண்டுகளை ஒரு சீலையின் மேல் ஒட்டித் தைத்து, இடையில் பஞ்சும் அடியில் பின்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டிச் செய்யும் கலைப்படைப்பு. ஆங்கிலேயரிடமிருந்து வந்த ‘கில்ட்’ போர்வையே இதன் உரு; ஆனால் இது சுவரில் தொங்க விடுவதற்கானது, பொருள் தைப்பவரின் நாடு. அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டான 1976இல் அந்நாட்டின் பல ஊர்களில் பெண்கள் கூடி இத்தகைய போர்வைகளைத் தைத்தனர். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் நக்ஷி காந்தா இதற்கு நெருங்கிய உறவு.

இலங்கையில் துணியால் நாட்டைச் சொல்லும் மரபு கொடிகளில்தான் தொடங்குகிறது. கண்டிக் கால அரச, மாகாணக் கொடிகளை ஈ. டபிள்யூ. பெரேரா 1916இல் வெளியிட்ட நூலில் தொகுத்தார். அவற்றைத் தைத்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. பிற்காலத்தில் மாத்தளை அலுவிகாரையில் ஊர்ப் பெண்களைக் கொண்டு பத்திக், தையல் வேலைகளை வளர்த்த ஏனா டி சில்வா (1922–2015), 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றத்திற்கான கொடிகளையும் ஆக்கினார்.

தேசியக் கொடியையே ஒரு தையல்காரியின் கண்ணால் பார்க்கலாம். 1948இல் அமைக்கப்பட்ட குழு, சிங்கக் கொடியோடு தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரு பட்டைகளைச் சேர்த்தது. 1951இல் அது ஏற்கப்பட்டது. குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்படவில்லை. பட்டைகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்பது அவர் குறை. எந்தத் துண்டு நடுவில், எது கரையில் என்பதுதான் இக்கலையின் முதல் கேள்வியும்.

இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெல, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டத் தமிழர்க்கு அந்தக் கேள்வி கசப்பானது. கொடியின் நிறங்கள் பேசப்பட்ட அதே 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகவே இங்கே தைக்கப்படும் நாட்டுப்பற்றில் சிங்கமும் தீவின் வரைபடமும் மட்டும் இருந்தால் அது அரைகுறை. பிரஜாவுரிமைப் பத்திரமும் லயம் எனும் வரிசை வீடும் கொழுந்துக் கூடையும் நடுக்கட்டத்துக்கு உரியவை. வீடு, இடப்பெயர்வு ஆகியவற்றை நூலால் சொல்லும் ஓவியர் ஹேமா ஷிரோனியின் ஆக்கங்கள் இந்த வழியில் நல்ல முன்மாதிரி.

மூலப்பொருளும் தோட்டத்திலேயே கிடைக்கிறது. ஏணை கட்டிப் பழகி மெலிந்த பருத்திச் சேலை ஊசிக்கு இணங்கும். வெட்டுமுன் நனைத்துக் காயவைத்தால் பிறகு சுருங்காது. கடுஞ்சாயத் தேநீரில் கொதிக்க விட்ட வெள்ளைத்துணி மண்ணிறம் பெறும். துருப்பிடித்த ஆணியைப் போட்டால் தேயிலைத் துவர்ப்பு இரும்போடு கூடிச் சாம்பல் கறுப்பாகும். லயத்துக் கூரைத் தகரத்துக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கடையில் கிடையாது. ரப்பர் பால் பட்டுக் கறுத்த வேலைத்துணியை வெளுக்காமல் அப்படியே வைக்கலாம். அந்தக் கறை போகவும் போகாது. இடுப்பில் கட்டிய படங்குத் துண்டு தடிப்பானது, அதற்குப் பருமனான ஊசியும் இரட்டை நூலும் வேண்டும். துண்டின் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தால் பிசிறாது. கடைசியில் பின்புறம் மேல்விளிம்பில் ஒரு துணிக்குழாய் தைத்துக் கம்பு செருகுவார்கள். கொடிநிறம் வேண்டுமென்று உண்மையான தேசியக் கொடியை வெட்டக் கூடாது, நிறத்துணி போதும்.

தோட்டப் பாடசாலையோ மாதர் சங்கமோ இதைத் தைத்தால், தைத்த ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பின்துணியில் நூலால் எழுதி வையுங்கள்.