மெழுகில் ஒட்டிய பொன்

விழுப்புரத்தை அடுத்த காணை வட்டாரத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக் கொட்டை என்பது மக்கள் நாவில் தேய்ந்து அப்படி ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. விளைவித்தவரும் ஆலை முதலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பொருள் ஒரு திசையிலும் பணம் மறு திசையிலும் பயணம் செய்தன. இடையே நின்றவர் மூன்றாமவர்.

முகமறியா இருவரிடையே நடக்கும் எந்த வணிகத்திலும் ஒரு பழைய சிக்கல் உண்டு. பொருளை முதலில் தருபவருக்குப் பணம் வராமல் போகலாம். பணத்தை முதலில் தருபவருக்குப் பொருள் வராமல் போகலாம். இருவரும் நம்பும் ஒருவர் நடுவில் நின்றால் இந்த அச்சம் தீரும். ஆனால் அந்த நடுவரே ஏமாற்றினால் என்ன செய்வது? வணிக நீதியின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம் கேள்விக்குத் தேடிய விடைகள்தாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

உத்திரமேரூர் என்றதும் நமக்குக் குடவோலைத் தேர்தல் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளுக்கு அருகே, அதிகம் பேசப்படாத இன்னொரு ஏற்பாடும் பதிவாகியுள்ளது. ஊரில் வழங்கும் பொன்னின் மாற்றைப் பார்த்துச் சொல்ல, அத்தொழில் அறிந்தோரைச் சபை நியமிக்கிறது. ஒரே பகுதியிலிருந்து அல்லாமல், ஊரின் வெவ்வேறு பிரிவுகளிலிருந்து அவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். உரைகல்லில் பொன்னை உரைத்தால் துகள் ஒட்டும். அதை மெழுகால் ஒற்றி எடுப்பார்கள். நாள்தோறும் ஒற்றினால் மெழுகிலேயே பொன் சேரும். அந்த மெழுகை ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சபை விதிக்கிறது. பொன் காண்பவர் நேர்மையானவரா என்று சபை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. அவர் விரலில் ஒட்டக்கூடிய துகளுக்கும் கணக்கு வைத்துவிட்டது.

காணை வட்டாரத்து உழவருக்கு இப்படி ஒரு காப்பு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. கமிஷன் மண்டிகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது வழக்கம். யாருடைய பொருளுக்கு விலை பேசுகிறார்களோ அவருக்கே விலை தெரியாது. எடையில் கழிவு, மண்ணுக்குக் கழிவு, மகமை, கூலி என்று பிடித்தங்கள் தனி. தரகர் பெயரளவில் இருவருக்கும் பொதுவானவர். ஆனால் உழவருக்கு அவரே கடன் கொடுத்தவராகவும் இருப்பார். 1928இல் வெளிவந்த அரச வேளாண்மை ஆணையத்தின் அறிக்கை, ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்றது. 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் வந்தது. பருத்தியும் நிலக்கடலையும் புகையிலையும் அதன் வரம்புக்குள் வந்தன. முதல் சந்தை 1936இல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது.

இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாம் பார்க்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அந்தச் சட்டத்தின் வழிவந்தவை. மறைமுக ஏலத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் வியாபாரிகள் தத்தம் விலையை எழுதிப் போடுகிறார்கள். அதிக விலை அறிவிக்கப்படுகிறது. கட்டாது என்றால் உழவர் மறுத்துவிடலாம். எடை, கூடத்தின் தராசில். பணம் தாமதமாகிறது என்ற முறையீடு இங்கும் எழுவதுண்டு. ஆனால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. அது காணையிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. இதை நாம் சிறிய செய்தியாகக் கருதக்கூடாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட பிட்காயின் கட்டுரையின் நோக்கமே மூன்றாமவரை விலக்குவது. வங்கி வேண்டாம், நம்பிக்கை வேண்டாம், கணிதம் போதும். செலுத்திய பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால் விற்பவர் ஏமாறமாட்டார். வாங்குபவர்? அவருக்குப் பிணைவைப்பு முறையை எளிதாக அமைத்துக்கொள்ளலாம் என்று அறிமுகப் பகுதியிலேயே அக்கட்டுரை சொல்லிச் செல்கிறது. வாசலில் அனுப்பப்பட்ட மூன்றாமவர் கொல்லைப்புறமாக அப்போதே உள்ளே வந்துவிட்டார்.

அந்தப் பிணைவைப்பின் செம்மையான வடிவம் மூன்று சாவிகள் கொண்டது. வாங்குபவரிடம் ஒன்று, விற்பவரிடம் ஒன்று, நடுவரிடம் ஒன்று. பணத்தை நகர்த்த எவையேனும் இரண்டு தேவை. இருவரும் ஒத்துப்போனால் நடுவருக்கு வேலையில்லை. பிணக்கு வந்தால் யார் பக்கம் நியாயம் என்று பார்த்து அவர் தம் சாவியைச் சேர்ப்பார். தனியாக அவரால் ஒரு காசும் எடுக்க முடியாது. உத்திரமேரூர்ச் சபையார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆயினும் பெட்டிக்குள் பொருள் இருந்ததா, செங்கல் இருந்ததா என்பதைக் கணிதம் சொல்லாது. அதற்கு ஒரு மனிதர்தான் சாட்சி கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலோர் இந்தத் தொல்லையை ஏற்கவில்லை. பணத்தையும் சாவியையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 2014 பிப்ரவரியில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம் திவாலானபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போயிருந்தன. இந்தியாவில் 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்தின் பெட்டகம் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. அது பல சாவிகள் கொண்ட பெட்டகம்தான். ஆறு சாவிகளில் ஐந்து பரிமாற்றகத்திடமே இருந்தன. ஒன்று காப்பு நிறுவனத்திடம் இருந்தது. வாங்கியவர் கையில் ஒன்றுகூட இல்லை. 2022 முதல் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி வாங்கும் சட்டமும் வாங்கியவருக்கென ஒரு முறைமன்றத்தை அமைத்துத் தரவில்லை.

இந்த இடத்தில்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் வழங்கிய ஆணை நம் கவனத்துக்கு உரியது. அந்தப் பரிமாற்றகத்தில் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி நாணயங்கள் வாங்கிய ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். களவுபோனவை வேறு வகை நாணயங்கள்; ஆனால் அவர் கணக்கும் முடக்கப்பட்டது. இழப்பை எல்லாப் பயனாளர்கள் தலையிலும் பங்கிட்டு ஏற்றும் திட்டம் முன்வைக்கப்பட்டது. நடுவர் விசாரணைக்குரிய இடம் சிங்கப்பூர் என்று ஒப்பந்தம் சொன்னது. நாம் பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தங்களை எத்தனை பேர் படிக்கிறோம்?

நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கினார். மறையீட்டு நாணயம் கையால் தொட முடியாததாயினும் உடைமைதான். அதை ஒருவர் மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும். நடுவர் மன்றம் வெளிநாட்டில் இருந்தாலும், பணம் இங்கிருந்து சென்றிருக்கும்போது, 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் இங்குள்ள நீதிமன்றம் இடைக்காலக் காப்பு அளிக்கலாம். அவ்வாறே அப்பெண்மணியின் உடைமைக்குக் காப்பும் அளிக்கப்பட்டது.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் வணிகரைப் பற்றிய குறளோடு முடிகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்பது அதன் கருத்து. நம்பிக்கைப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்வதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. ஆனால் அறம் சொன்னால் போதும் என்று உத்திரமேரூர்ச் சபையார் இருந்துவிடவில்லை. மெழுகையும் கேட்டு வாங்கினார்கள். இன்று காணையில் கைப்பேசியில் நாணயம் வாங்கும் இளைஞர் விலை ஏறுமா என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். சாவி யார் கையில்? அவரைக் கணக்குக் கேட்பவர் யார்? வழக்கென்று வந்தால் எந்த ஊருக்குப் போகவேண்டும்? மல்லாட்டை விற்ற அவருடைய பாட்டனார் இந்தக் கேள்விகளின் விடையை நட்டப்பட்டுத்தான் கற்றிருப்பார்.